நிட்டிங் வகுப்பில் எந்த மொழி?

போன மாதம் ரஞ்சனி போன் செய்தாள். என்னிடம் படித்தவள். இப்போது பக்கத்தில் ஒரு கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் பிரிவுக்கு அவளைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள்.

"மேடம், மேனேஜ்மென்ட்ல கூப்பிட்டு, அடுத்த வருசத்துக்குள்ள நம்ம காலேஜ் இன்டர்நேஷனல் ஆயிரோணும்னு சொல்லிட்டாங்க. எங்கிருந்துங்க மேடம் ஆரம்பிக்கிறது?"

பாவம், குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்வியோடு நானும் ஒரு நாள் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லி, சாப்பாடு போட்டு, மாலை வரை பேசினேன். "இதையெல்லாம் எழுதிக் குடுத்துருங்க மேடம், என்னால ஞாபகம் வெச்சுக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். எழுதுகிறேன்.

நான் மடத்துக்குளத்துக்காரி. எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு, காங்கேயம் போகும் சாலையில் இருக்கும் எங்கள் ஜவுளித் தொழில்நுட்பக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். சாயம் எது, நூல் எது என்றுகூடத் தெரியாது. முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதவும் நேர்முகத் தேர்வில் பேசவும் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தது. ஒரு நாள் முதல்வர் நாச்சிமுத்து சார் கூப்பிட்டார். வெளிநாட்டிலிருந்து மாணவர்களைச் சேர்க்கப் போகிறோம், அதற்கு ஒரு பிரிவு, அதற்கு நீங்கள்தான் இயக்குநர் என்றார்.

"எனக்கு என்னங்க சார் தெரியும்?"

"இங்கிலீஷ் தெரியுமில்லீங்க, அது போதும்."

போதவில்லை என்பது பிறகு தெரிந்தது. டெல்லியில் ஒரு பயிலரங்கு, பெங்களூரில் ஒரு பயிலரங்கு, இரண்டிலும் நல்ல பை கொடுத்தார்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்ற சொல்லைத் தூக்கத்திலும் சொல்லும் அளவுக்குத் தேறினேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

முதல் கூட்டம் எத்தியோப்பியாவிலிருந்தும் தான்சானியாவிலிருந்தும் வந்தது. இரண்டு நாடுகளிலும் ஆடைத் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. அங்கே மேற்பார்வையாளராகப் போக வேண்டிய பிள்ளைகளை நிட்டிங், அதாவது பனியன் துணி பின்னும் தொழில், படிக்க இங்கே அனுப்பினார்கள். வரவேற்பைப் பிரமாதமாகச் செய்ய வேண்டும் என்று எங்கள் தாளாளர் உத்தரவு. வாசலில் பேனர், தவில், நாதஸ்வரம், பன்னீர், ஆளுயர மாலைகள். கோவை விமான நிலையத்திலிருந்து வேன் வந்து நின்றது. தவில் வெடித்ததும் முதலில் இறங்கிய பெண் திடுக்கிட்டு மறுபடி வேனுக்குள் ஏறிவிட்டாள்.

நான் உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒல்லியான பெண், கண்ணெல்லாம் தூக்கக் கலக்கம். பெயர் செலாம். "அம்மாவுக்கு ஒரு போன் பண்ண வேண்டும். நான் வந்து சேர்ந்தேனா என்று அவருக்குத் தெரியாது" என்று மெல்லிய ஆங்கிலத்தில் சொன்னாள். அவளிடம் இருந்த சிம் இங்கே வேலை செய்யவில்லை. என் போனை இணையத்தில் இணைத்துக் கொடுத்தேன். தாயும் மகளும் பேசி முடிக்கும்வரை, வெளியே தவில்காரர் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கே ஒரு வரிசை வகுத்துக்கொண்டேன். முதலில் வீட்டுக்குப் போன். அடுத்து குளியல், சோறு, தூக்கம். அடுத்து பதிவு. மாலை கடைசி. நான் ஓய்வுபெறும்வரை அந்த வரிசை மாறவில்லை.

பதிவு என்பது விளையாட்டில்லை. வெளிநாட்டவர் ஒருவர் விடுதியில் தங்கினாலே ஒரு நாளுக்குள் இணையத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பிறகு பாஸ்போர்ட், விசா, சேர்க்கைச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் ஏற்றி, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் திரும்பி வரும். அதனால் இந்த வேலையை எழுத்தரிடம் தள்ளமாட்டேன். ஒவ்வொரு பிள்ளையையும் என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, திரையில் இருப்பதை அவர்களையே வாசிக்கச் சொல்வேன்.

செலாமின் முறை வந்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் கணினி நின்றது. எத்தியோப்பியாவில் குடும்பப் பெயர் கிடையாதாம். தன் பெயர், பின்னால் அப்பா பெயர், அவ்வளவுதான். "என் அப்பா பெயரை எழுதினால், எல்லோரும் என்னை அப்பா பெயரால் கூப்பிடுகிறார்கள்" என்றாள் சலிப்போடு. நான் என் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். அதே கட்டத்தில் என் அப்பா பெயர். பாஸ்போர்ட் எடுத்ததிலிருந்து விமான நிலையங்களில் நான் மிஸ் கந்தசாமிதான். செலாம் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். அப்புறம் தனியாக இருக்கும்போது என்னை மிஸ் கந்தசாமி என்றே கூப்பிடுவாள்.

இப்போது ரஞ்சனிக்கு நான் மிக முக்கியமாகச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் கல்லூரி ஆங்கிலவழிக் கல்லூரி. விளம்பரம், பாடநூல், தேர்வு எல்லாம் ஆங்கிலம். வகுப்பறைக்குள் மட்டும் தமிழ். பிள்ளைகளில் பெரும்பாலோர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். பனியன் கம்பெனித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், விவசாய வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு ஆங்கிலத்திலேயே நடத்தினால் தலைக்கு மேலே போய்விடும் என்று ஆசிரியர்கள் தமிழில் விளக்குவார்கள். யாருக்கும் இது குறையாகப் படவில்லை, செலாமும் அவள் கூட்டமும் வகுப்பில் வந்து உட்காரும்வரை.

நிட்டிங் பாடம் எடுத்தவர் சென்னியப்பன் சார். அவர் வகுப்புக்கு வெளியே நின்றாலே சிரிப்புச் சத்தம் கேட்கும். பனியன் துணி பின்னும் ஊசி எப்படி வேலை செய்கிறது என்று அவர் சொன்னதை நானே ஒருமுறை சன்னலோரம் நின்று கேட்டிருக்கிறேன். "ஊசி மேல போகுது கண்ணு, வாயைத் தொறக்குது, நூலைக் கவ்வுது. கீழ எறங்கறப்ப பழைய வளையம் என்ன பண்ணுது? கதவைச் சாத்திப்போட்டு வெளிய போயிருது. கோவிச்சுக்கறதில்ல, திரும்பிப் பாக்கறதில்ல. அப்புடிப் போனாத்தான் துணி. போகலீன்னா ஓட்டை!" வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஊசியைப் பார்த்திராத எனக்கும் விளங்கியது.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் விளங்கவில்லை. சில வாரம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு நிட்டிங் வகுப்பு நேரத்தில் நூலகத்தில் போய் உட்கார ஆரம்பித்தார்கள். நான் கேட்டபோது செலாம்தான் பேசினாள். "ஆங்கிலத்தில் நடத்துவோம் என்று சொல்லித்தான் எங்களை அழைத்தீர்கள். என் நாட்டுக் கம்பெனி என் மதிப்பெண்ணைப் பார்க்கும். நான் தோற்றுத் திரும்ப முடியாது." அவள் சொன்னது அத்தனையும் நியாயம்.

தாளாளர் காதுக்கு விஷயம் போனது. ஐரோப்பாவிலிருந்து ஒரு பல்கலைக்கழகத்தார் எங்களோடு கூட்டு சேரலாமா என்று பார்க்க வருவதாக இருந்த சமயம். மனிதர் பதறிப்போனார். வகுப்பறையில் தமிழ் பேசக் கூடாது, ஆசிரியர், மாணவர் எல்லோருக்கும் இது பொருந்தும் என்று மறுநாளே சுற்றறிக்கை வந்துவிட்டது. ஆங்கிலம் படித்தவள் என்பதால் நான் மகிழ்வேன் என்று நினைத்தார்கள். மகிழ முடியவில்லை. முதலாமாண்டில் ஆங்கிலம் புரியாமல் விழித்த முகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள். சிரிப்புச் சத்தம் நின்றது. அடுத்த உள்தேர்வில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கொத்துக்கொத்தாகத் தோற்றார்கள்.

ஒரு காலை என் அறைக்கு ஓர் அம்மா வந்தார். பெயர் ஜெபமணி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை தேடும் செக்கிங் வேலை பார்ப்பவர். மகள் ஜெனிபர் எங்கள் மாணவி. அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார்.

"எம் மவ நல்லாப் படிக்கிற பிள்ளை மேடம். இப்பம் காலேஜுக்கே போக மாட்டேங்கா. வாத்தியார் என்ன சொல்லுதாருன்னே வெளங்கலன்னு அழுதா. வெளிநாட்டுப் பிள்ளைக வரட்டும், நான் வேண்டாம்னு சொல்லல. அதுக்காவ எங்க பிள்ளைக வெளிய போவணுமா?"

அதுவும் நியாயம். அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே முதல்வர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. சென்னியப்பன் சார் ராஜினாமா கொடுத்துவிட்டாராம்.

நாச்சிமுத்து சாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். முதலாமாண்டு மாணவன் உள்ளே வந்தாலும் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார். சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. எந்தச் சண்டையையும் தன் அறையில் வைத்துத் தீர்க்கமாட்டார். சண்டை நடந்த இடத்துக்கே போவார். அங்கே எல்லோரையும் நிற்கவைத்து, அவரவர் நியாயத்தைச் சொல்ல விடமாட்டார். எதிராளியின் நியாயத்தைச் சொல்லச் சொல்வார். "நீங்க அவங்களா இருந்தா என்னங்க சொல்லுவீங்க?" அது சரியாக வரும்வரை அடுத்த பேச்சே கிடையாது.

அன்று நான் அவர் முன்னால் இரண்டு வழிகளை வைத்தேன். ஒன்று, சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுவது. மற்றது, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு.

"தனி வகுப்பு போட்டா சுலபமுங்க," என்றார். "தனி மெஸ், தனி பஸ்ஸுன்னு போட்டுட்டா இன்னும் சுலபம். அப்புறம் எதுக்குங்க அவங்களை இவ்வளவு தூரம் வரச் சொன்னது?"

கையிலிருந்த தாளில் இரண்டாவது வழியை அடித்துவிட்டேன்.

"மொதல்ல சென்னியப்பனைப் பாத்துட்டு வாங்க. அவரு இல்லாம எந்த வழியும் வழியில்லீங்க."

சாயங்காலம் அனுப்பர்பாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். செலாம் தானும் வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். பாத்திரப் பட்டறைகளின் தட்டும் சத்தத்துக்கு நடுவே வீட்டைக் கண்டுபிடித்தோம். சார் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். செலாமைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"வாங்க மேடம். வா கண்ணு. ஏனுங்க, ஊடு தேடி வந்திருக்கீங்க, சொல்லியிருந்தா நானே வந்திருப்பனுங்க."

அவர் மனைவி டீயும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். கொஞ்ச நேரம் டீயைப் பற்றியே பேசினோம். பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"நான் தமிழ் மீடியமுங்க. மில்லுல இருந்துக்கிட்டே மேல படிச்சு வந்தவன். இங்கிலீஷ் புத்தகம் படிப்பனுங்க, எழுதுவனுங்க. நின்னு பேசத்தான் வராது. சர்க்குலர் வந்ததும் பாடத்தை எழுதி மனப்பாடம் பண்ணிட்டுத்தான் போனேன். பாதியில மறந்துபோச்சு. சிரிச்சுப்போட்டாங்க."

"யாருங்க சார், இந்தப் புள்ளைகளா?"

"இல்லீங்க மேடம். இந்தப் புள்ளைக பேனாவை வெச்சுப்போட்டு என்ற மூஞ்சியவே பாத்துட்டிருந்துச்சுங்க. சிரிச்சது நம்ம பசங்க." முறுக்குத் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார். "இத்தனை வருசமா அவங்களைச் சிரிக்க வெச்சவன் நான். என்னைப் பாத்துச் சிரிச்சது இதான் முதல் தடவைங்க."

நான் செலாமுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நேராக அவரைப் பார்த்து மெதுவாகப் பேசினாள். "சார், நீங்கள் தமிழில் நடத்தும்போது எல்லோருக்கும் கண் விரியும். நான் மட்டும் வெளியே நிற்பது போல இருக்கும். அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் பங்கு வேண்டும் என்றுதான் புகார் சொன்னேன். இப்போது யாருக்குமே அது இல்லை. நான் கேட்டது இது இல்லை சார். என் ஆங்கிலமும் பள்ளிக்கூடத்து ஆங்கிலம்தான். எனக்கு நல்ல ஆங்கிலம் வேண்டாம். உங்கள் பாடம் வேண்டும்."

சென்னியப்பன் சார் ஸ்கூட்டர் துடைத்த துணியை மடித்து வைத்தார். எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டாரோ என்று நான் பயந்தேன். நிட்டிங் ஊசி ஒன்றோடு திரும்பி வந்தார். சட்டையில் தொங்கிய ஒரு நூலைப் பிய்த்து ஊசியின் கொக்கியில் மாட்டினார். மிகுந்த கூச்சத்தோடு, "நீடில் கோ அப். ஓப்பன் மவுத். கேட்ச் யார்ன்," என்றார். ஊசியின் சின்னத் தாழ்ப்பாளை விரலால் சாத்திக் காட்டினார். "ஓல்டு லூப்... ஷட் த டோர், கோ அவுட்!"

செலாம் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். "இன்னொரு முறை சார்!"

இன்னொரு முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லும்போது, "நோ கோபம், நோ திரும்பிப் பாத்திங்" என்பதையும் சேர்த்துவிட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

மறுநாள் நிட்டிங் ஆய்வகத்தில், இயந்திரங்களுக்கு நடுவே, முதல்வர் கூட்டம் போட்டார். தாளாளர், ஜெபமணி அம்மா, செலாம், சென்னியப்பன் சார், நான். முதல்வர் தன் வழக்கமான கேள்வியைத் தாளாளரிடமே முதலில் வைத்தார். "நீங்க இந்த அம்மாவா இருந்தா என்னங்க சொல்லுவீங்க?"

தாளாளர் பனியன் கம்பெனியில் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் தொடங்கி முதலாளி ஆனவர். கொஞ்சம் முறைத்தார், பிறகு தொண்டையைச் செருமினார். "என்ற புள்ளைக்குப் புரியலீன்னா உங்க காலேஜு எவ்வளவு பெருசா இருந்தா எனக்கென்னங்கன்னு கேப்பேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "அட, நானே ஜெர்மன்காரன்கூட எஸ், நோ, ஷிப்மென்ட்டுன்னு மூணு வார்த்தையில யாவாரம் பண்ணுனவன்தானுங்க. வர்றவங்க முன்னாடி மானம் போயிருமேன்னு பயந்துட்டேன்."

அடுத்து முதல்வர் ஜெபமணி அம்மாவிடம், செலாமாக இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். அவர் செலாமின் கையைப் பிடித்துக்கொண்டார். "தாய் தகப்பனை விட்டுட்டு வந்திருக்கேன், பேசுறது ஒண்ணும் வெளங்கல, என்னைய விட்டுட்டுப் போயிராதீயன்னு சொல்லுவேன். நானும் இந்த ஊருக்கு வந்த புதுசுல அப்படித்தான இருந்தேன். இவுக பேசுத தமிழே எனக்கு வெளங்கல."

நான் அதை மொழிபெயர்த்ததும் செலாம் அவர் தோளில் சாய்ந்துவிட்டாள். அப்புறம் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்கத் தேவையிருக்கவில்லை.

அந்த இடத்தில் நான் என் யோசனையைச் சொன்னேன். நிட்டிங் வகுப்பு இனி இயந்திரத்தின் பக்கத்தில் நடக்கட்டும். சார் தனக்கு வருகிற ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொல்லட்டும். பிறகு எங்கள் பிள்ளை ஒன்றும் வெளிநாட்டுப் பிள்ளை ஒன்றுமாக ஜோடி சேர்ந்து ஒருவருக்கொருவர் விளக்கட்டும். கடைசியில் சந்தேகங்களைத் தமிழில் கேட்கலாம். அப்போது யாரும் எழுந்து போகக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் சொல்லித்தர வேண்டும். ஆங்கிலம் பேசும்போது யாரும் சிரிக்கக் கூடாது. ஒரு பருவம் மட்டும் நடத்திப் பார்க்க அனுமதி கேட்டேன். சரிப்படவில்லையென்றால் பொறுப்பிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

"நீங்க எதுக்குங்க விலகோணும், நடத்துங்க," என்றார் தாளாளர். சுற்றறிக்கை அன்றே திரும்பியது. ராஜினாமாவும்தான்.

ஆசிரியர்களுக்காக மாலையில் என் அறையில் டீ வைத்தேன். அதற்கு ஆங்கில வகுப்பு என்று பெயர் வைத்திருந்தால் ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள். மறுநாள் பாடத்தை எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்காட்ட வேண்டும். எனக்கோ தொழில் தெரியாது. எனக்குப் புரிந்தால் பாடம் தேறியது. இலக்கணத்தைத் திருத்தமாட்டேன் என்று முதல் நாளே வாக்குக் கொடுத்தேன். அதைக் காப்பாற்றத்தான் படாதபாடு பட்டேன்.

எல்லாம் சொன்னபடி நடந்தது என்று ரஞ்சனியிடம் பொய் சொல்லவில்லை. சில ஆசிரியர்கள் கடைசிவரை டீக்கு வரவில்லை. தான்சானிய மாணவன் ஒருவன் வேறு கல்லூரிக்கு மாறிப் போனான். ஜோடி சேர்ந்த பிள்ளைகள் பாதி நேரம் சினிமாவைப் பற்றிப் பேசினார்கள். ஆனால் சிரிப்புச் சத்தம் திரும்பி வந்தது. செலாமின் ஜோடியாக ஜெனிபரும் வகுப்புக்குத் திரும்பினாள். செலாம் "ஆமாங்க சார்", "இல்லீங்க சார்" என்று பதில் சொல்லக் கற்றுக்கொண்டாள். முதல் முறை சொன்னபோது வகுப்பு விசிலடித்ததில் முதல்வர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்.

ஐரோப்பியர்கள் வந்த அன்று தாளாளர் புதுச் சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்களில் ஒரு பேராசிரியை, வகுப்பைப் பார்க்க வேண்டும் என்றார். ஆய்வகத்துக்கு அழைத்துப் போனோம். ஊசி எப்படி வேலை செய்கிறது என்று அவர் கேட்டது ஜெனிபரிடம். அவள் ஒருமுறை செலாமைப் பார்த்தாள். பிறகு ஊசியைக் கையில் எடுத்து, தயங்கித் தயங்கி, பழைய வளையம் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போவதுவரை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். அந்த அம்மையார் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இதை என் மாணவர்களுக்கும் சொல்வேன் என்றார். வகுப்பில் எந்த மொழி என்று தங்கள் பல்கலைக்கழகத்திலும் இதே சண்டைதான் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். ஒப்பந்தம் கையெழுத்தானது.

செலாம் நல்ல மதிப்பெண்ணோடு தன் ஊருக்குப் போய்ப் பயிற்சிப் பொறுப்பில் சேர்ந்தாள். எனக்கு ஓய்வு நெருங்கிய சமயத்தில் அவள் கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. புதிதாகச் சேர்ந்த தொழிலாளர்களுக்கு நிட்டிங் பயிற்சி கொடுக்க, கம்பெனிச் செலவில் சென்னியப்பன் சாரைச் சில வாரங்களுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அவர் ஆங்கிலத்தில் சொல்வார், செலாம் தன் நாட்டு அம்ஹாரிக் மொழியில் சொல்வாள்.

சார் அதுவரை விமானம் ஏறியதில்லை. பாஸ்போர்ட்டே அதற்காகத்தான் எடுத்தார். இத்தனை வருடம் வருகிறவர்களுக்குச் செய்ததை, போகிற ஒருவருக்காக முதல்முறையாகச் செய்தேன். பக்கத்து நாற்காலியில் அவரை உட்காரவைத்து, திரையில் இருப்பதை வாசிக்கச் சொன்னேன். மனிதர் பள்ளிப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்தார்.

அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் போன் செய்தார். பின்னால் இயந்திரச் சத்தமும் ஒரே சிரிப்புமாக இருந்தது.

"மேடம், கேக்குதுங்களா? இங்க நாந்தானுங்க வெளிநாட்டுக்காரன்! புரிஞ்சுதான்னு கேக்கறதுக்கு கெபாச்சுன்னு சொல்லோணுமாமா. நான் ஏதோ தப்பாச் சொல்றம் போல, ஒவ்வொரு தடவையும் அத்தனை பேரும் சிரிக்கறாங்க."

"உங்களுக்குச் சங்கடமா இல்லீங்களா சார்?"

"இல்லீங்க மேடம். சிரிக்கட்டும். வேணும்னுதான் திரும்பத் திரும்பக் கேக்கறேன்."